‘சார்’ வேறு, ‘ஆர்ந்த’ வேறு

ஆங்கிலத்தில் ‘செரிப்ரல்’ என்று ஒரு பெயரடை இருக்கிறது. மருத்துவர் சொன்னால் அது ஓர் உறுப்பைக் குறிக்கும். திரை விமர்சகர் சொன்னால் பாராட்டு. அதே விமர்சகர் உதட்டைச் சுழித்துக்கொண்டு சொன்னால் குறை. லத்தீனில் ‘செரிப்ரம்’ என்றால் மூளை. அதிலிருந்து வந்த ஒரே சொல் இந்த மூன்று வேலையையும் பார்க்கிறது. தமிழில் எழுதுகிறவர் இந்தச் சொல்லிடம் வந்ததும் அகராதியைப் புரட்டுகிறார், ‘பெருமூளை சார்ந்த’ என்று கிடைக்கிறது, எடுத்துப் போட்டுவிடுகிறார். ‘இயக்குநரின் முந்தைய படங்களைவிட இது பெருமூளை சார்ந்த படம்’ என்று ஒரு வாக்கியம் பிறந்துவிடுகிறது. படத்தில் அறுவைச் சிகிச்சைக் காட்சி ஒன்றுகூட இருக்காது.

இது சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்ளக்கூடிய பிழை. எனக்கு உறுத்துவது சிரிப்பு வராத பிழை. ‘அறிவுசார் பேச்சாளர்’, ‘மிகவும் அறிவுசார்ந்த உரையாடல்’, ‘அறிவார்ந்த சொத்துரிமை’, ‘புத்திசாலித்தனமான மாணவன்’. படிக்கும்போது கண் எங்கேயும் இடறுவதில்லை. பொருளும் ஏறக்குறைய புரிந்துவிடுகிறது. அந்த ‘ஏறக்குறைய’தான் தொல்லை. மூளையையும் அறிவையும் பற்றிய பெயரடைகளுக்குத் தமிழில் பஞ்சம் என்று சொல்பவர்கள் உண்டு. என் கட்சி வேறு. சொற்கள் தேவைக்கு மேலேயே இருக்கின்றன. எது எந்தப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும் என்பதில்தான் கவனம் போதவில்லை.

ஒட்டில் இருக்கிறது சூட்சுமம்

தமிழில் பெயரடையாகவே பிறந்த சொற்கள் குறைவு. நல்ல, பெரிய, சிறிய, புதிய, பழைய என்று ஒரு சின்னக் கூட்டம். மற்றதெல்லாம் ஒரு பெயரோடு எதையாவது ஒட்டிச் செய்துகொள்வதுதான். அறிவு என்ற ஒரே பெயரை எடுத்துக்கொண்டால் அறிவான, அறிவுள்ள, அறிவுடைய, அறிவார்ந்த, அறிவுசார், அறிவுப்பூர்வமான, அறிவற்ற, அறிவுகெட்ட என்று வரிசை நீள்கிறது. எல்லாவற்றிலும் அறிவு ஒன்றுதான். பின்னால் ஒட்டியிருப்பதுதான் பொருளை மாற்றுகிறது.

‘ஆர்ந்த’ என்பதில் இருப்பது ஆர்தல், அதாவது நிறைதல். வயிறாரச் சாப்பிட்டான், கண்ணாரக் கண்டேன், மனமார வாழ்த்தினார் என்று நாம் தினமும் புழங்கும் அதே வினை. வயிறு நிறைய, கண் நிறைய, மனம் நிறைய. ஆக, அறிவார்ந்த என்றால் அறிவு நிறைந்த. அது ஒரு குணத்தைச் சொல்கிறது. பாராட்டும் அதற்குள்ளேயே இருக்கிறது. ‘சார்’ என்பதில் இருப்பது சார்தல், ஒன்றை ஒட்டி நிற்பது, தொடர்பு கொண்டிருப்பது. அறிவுசார் என்றால் அறிவோடு தொடர்புடைய என்பதோடு சரி. நிறைந்திருக்கிறதா, குறைந்திருக்கிறதா, இருக்கிறதா இல்லையா என்று அது எதுவும் பேசாது. ‘ஆர்ந்த’ பாராட்டுப் பத்திரம் என்றால் ‘சார்’ வெறும் முகவரி.

இந்த வேறுபாடு பிடிபடவில்லை என்றால் மூன்று சோதனைகள் போதும். முதலாவது, முன்னால் ‘மிகவும்’ சேர்த்துப் பார்ப்பது. மிகவும் அறிவார்ந்த விவாதம் என்று சொல்லலாம். மிகவும் அறிவுசார் சொத்துரிமை என்று யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் தொடர்புக்குக் கூடுதல் குறைவு கிடையாது. மிகவும் மூளை மலேரியா என்று ஒன்று இல்லாதது போல. இரண்டாவது, எதிர்ச்சொல்லைப் போட்டுப் பார்ப்பது. அறிவார்ந்த வாதத்துக்கு எதிரே அறிவற்ற வாதம் இருக்கிறது. அறிவுசார் சொத்துக்கு எதிரே அறிவற்ற சொத்து என்று ஒன்று கிடையாது. நிலம், வீடு, நகை என்று வேறு வகைச் சொத்துகள்தான் உண்டு. மூன்றாவது, பெயரடையை வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளிப் பார்ப்பது. ‘அவர் வாதம் அறிவார்ந்தது’ என்பது தானாக வருகிறது. ‘அந்தச் சொத்து அறிவுசார்ந்தது’ என்று பயனிலையாக எழுத யாருக்கும் தேவை வருவதே இல்லை. மூன்றிலும் தேறினால் அது குணம், ஆர்ந்த பக்கம். மூன்றிலும் தவறினால் அது வகை, சார் பக்கம். ‘மிகவும் அறிவுசார்ந்த உரையாடல்’ முதல் சோதனையிலேயே விழுந்துவிடுகிறது. ‘மிகவும்’ வேண்டும் என்றால் அறிவார்ந்த உரையாடல் என்றே எழுத வேண்டும்.

அறிவுசார் சொத்துரிமை சரியான ஆக்கம் என்பதற்கு மதுரை மல்லியே சாட்சி. 2013-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது; அதைப் பதியும் அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. புவிசார் குறியீடும் அறிவுசார் சொத்துரிமையின் ஒரு வகைதான். மல்லிகைக்கு அறிவு உண்டு என்று யாரும் வாதாடவில்லை. புவி நிறைந்த குறியீடு என்றும் யாரும் பொருள் கொள்ளவில்லை. இரண்டு இடத்திலும் ‘சார்’ ஒரே வேலையைச் செய்கிறது. இலங்கைத் தமிழில் இதே விஷயத்துக்குப் புலமைச் சொத்து என்று பெயர். 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கச் சட்டம் அங்கே புலமைச் சொத்துச் சட்டம். சாரும் இல்லை, ஆர்ந்தும் இல்லை. பெயரையும் பெயரையும் சேர்த்து முடித்துவிட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிற புலமைப்பரிசில் பரீட்சையிலும் அதே புலமை. எனக்கு அந்தச் சொல்மேல் கொஞ்சம் பொறாமையே உண்டு.

ஏனென்றால் நம் பக்கத்தில் ‘அறிவு’ ரொம்பப் பாரம் சுமக்கிறது. கற்றுச் சேர்த்ததும் அறிவு, பிறவியிலேயே வரும் கூர்மையும் அறிவு. நகராட்சிகள் திறந்திருக்கும் ‘நூலகம் மற்றும் அறிவுசார் மைய’த்தில் இருப்பது முதல் வகை. அறிவுசார் குறைபாடு என்னும்போது பேசப்படுவது இரண்டாவது வகை. ஒரே அடை. ஒன்றில் புத்தகம், இன்னொன்றில் மூளையின் செயல்பாடு. பிரித்துச் சொல்ல வேண்டிய இடங்களில் பிந்தையதற்கு நுண்ணறிவு இருக்கிறது. உளவியல் பாடத்தில் நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) என்பதிலும், செயற்கை நுண்ணறிவு என்பதிலும் அது பொருத்தமாக உட்கார்ந்திருக்கிறது. காவல்துறையின் நுண்ணறிவுப் பிரிவில் மட்டும் அதற்கு வேறு வேலை. அங்கே அது உளவு. ஆங்கிலம் ஒரே சொல்லில் செய்த குழப்பத்தை நாமும் அப்படியே வாங்கிக்கொண்டோம். இலங்கையில் அதைப் புலனாய்வு என்று தனியாக வைத்துவிட்டார்கள்.

ச் வருமா, ப் வருமா

எழுதும்போது கை தயங்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். அறிவு என்பதன் ஈற்றில் இருப்பது முற்றியலுகரம். உயிரெழுத்து வந்து சேர்ந்தால் உகரம் கெடுவது குற்றியலுகரத்துக்குத்தான் பொது விதி என்றாலும், ‘முற்றும் அற்று ஒரோவழி’ என்று நன்னூல் ஒரு வாசலைத் திறந்துவைத்திருக்கிறது. அதனால்தான் அறிவு + ஆர்ந்த என்பது அறிவார்ந்த ஆகிறது, கதவு + அடைத்தான் என்பது கதவடைத்தான் ஆவது போல.

அறிவுக்கண், அறிவுச்சுடர், அறிவுத்திறன் எல்லாவற்றிலும் வல்லினம் மிகும்போது அறிவுசார் என்பதில் மட்டும் ‘ச்’ ஏன் வரவில்லை? அது அறிவைச் சார் என்பதில் ‘ஐ’ மறைந்த தொகை. இரண்டாம் வேற்றுமை உருபு மறைந்து நேரே வினை வந்தால் வல்லினம் மிகாது: கதை சொன்னான், துணி தைத்தான். உருபை வெளிப்படையாக எழுதினால் ‘ச்’ வந்துவிடும்: அறிவைச் சார்ந்த. அடுத்து, அறிவுசார் சொத்துரிமை என்பதில் சாருக்கும் சொத்துக்கும் நடுவிலும் ஒற்று இல்லை, அது காலம் மறைந்த வினைத்தொகை. சார்ந்த, சார்கிற, சாரும் என்று எப்படி வேண்டுமானாலும் விரித்துக்கொள்ளலாம். அறிவார்ந்த பேச்சு பெயரெச்சம், அங்கும் மிகாது. பூர்வமான என்பதுதான் சண்டைக்காரன். அறிவுபூர்வமான, அறிவுப்பூர்வமான இரண்டும் அச்சில் இருக்கின்றன. அறிவுச்சுடர் வழியில் போனால் ‘ப்’ வேண்டும். வடசொல் ஒட்டு என்று விலக்குக் கொடுத்தால் வேண்டாம். நான் ‘ப்’ போடுகிறேன். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் அதுவே பெரிய காரியம்.

மூளைக்கு இந்தச் சிக்கல் இல்லை. மூளைக்காய்ச்சல், மூளைச்சாவு, மூளைச்சலவை, பெருமூளைப் புறணி என்று எல்லா இடத்திலும் மிகுந்துவிடுகிறது. மூளை மலேரியாவில் வருவது மெல்லினம், அதனால் பேச்சில்லை.

ஆளுக்கு ஒன்று, செயலுக்கு ஒன்று

அடுத்த வழுக்குப்பாறை, அடை எதன்மேல் உட்காருகிறது என்பது. புத்திசாலி என்பது ஆள். அதில் ‘தனம்’ சேர்த்துப் புத்திசாலித்தனம் ஆக்கினால் அது குணம். அதிலிருந்து வரும் புத்திசாலித்தனமான என்பது அந்தக் குணம் தெரிகிற செயலுக்குத்தான் பொருந்தும். புத்திசாலித்தனமான பதில், புத்திசாலித்தனமான காய் நகர்த்தல், புத்திசாலித்தனமான முடிவு. மாணவனையோ காகத்தையோ சொல்ல வேண்டும் என்றால் புத்திசாலி மாணவன், புத்திசாலிக் காகம். ‘புத்திசாலித்தனமான மாணவன்’ என்பது ‘கஞ்சத்தனமான செட்டியார்’ மாதிரி காதுக்குப் பழகிவிட்டது. ஆனால் அந்த நீளம் அங்கே தேவையே இல்லை. அறிவுப்பூர்வமான என்பதும் ஆளுக்கு ஒட்டாது; அணுகுமுறை, விவாதம், விளக்கம் என்று ஏதாவது ஒரு முறையைச் சொல்லும் பெயர் அதற்கு வேண்டும். அறிவான என்பது நேர்மாறு, அது ஆளுக்குத்தான், அதிலும் பெரும்பாலும் சின்ன ஆளுக்கு. ‘அறிவான புள்ள’ என்று குழந்தையைச் சொல்வோம். பேராசிரியரை அப்படிச் சொன்னால் அவர் நம்மைத் திரும்பிப் பார்ப்பார். பேராசிரியருக்கு ஆழ்ந்த அறிவுடையவர், மேடையில் என்றால் அறிவார்ந்த பெருந்தகை. மேடைகளில் ‘அறிவார்ந்த சபையோரே’ என்று அரை நூற்றாண்டாகக் கூவிக் கூவி அந்தச் சொல்லின் முனை மழுங்கிவிட்டது. ஒரு கட்டுரையில் ஒரு தடவைக்கு மேல் அதை எழுதுவதில்லை என்று வைத்துக்கொள்வது நல்லது.

மேதாவி, அறிவுஜீவி என்று சில சொற்கள் பாராட்டாகக் கிளம்பி வழியில் நையாண்டியாகிவிட்டன. ‘பெரிய மேதாவி வந்துட்டாரு’ என்றால் யாரும் மகிழ்வதில்லை. பேச்சுத்தமிழில் மூளைக்கும் அறிவுக்கும் சரளமாக வரும் அடைகள் எல்லாமே திட்டுகள் என்பதையும் கவனிக்கலாம். அறிவுகெட்ட, புத்திகெட்ட, மதிகெட்ட, மூளையில்லாத. இவற்றை யாரும் அகராதி பார்த்துச் சொல்வதில்லை, நாக்கிலிருந்து தானாக விழுகின்றன. ‘அறிவிருக்கா?’ என்பது கேள்வியே இல்லை. புகழ வேண்டும் என்றால்தான் உடனே வேட்டியைச் சரிசெய்துகொண்டு ‘ஆர்ந்த’வைத் தேடுகிறோம்.

மூளை தனியாக நின்று பெயரடை ஆவதும் இல்லை. ‘மூளையான ஆள்’ என்று சொல்ல முடியாது. மூளைக்காரன் என்று வேண்டுமானால் சொல்லலாம். ‘அந்தத் திட்டத்தின் மூளை இவர்தான்’ என்பது சரி. ‘மூளையாகச் செயல்பட்டவர்’ என்று செய்தித்தாளில் வந்தால் மட்டும் அடுத்த வரியில் அவர் கைதாகியிருப்பார். விஞ்ஞானி ஒருவரைப் புகழ அந்தத் தொடரைப் பயன்படுத்தினால் வாசகர் அவரை எந்தச் சிறையில் அடைத்தார்கள் என்று தேட ஆரம்பித்துவிடுவார்.

மறைந்திருக்கும் உருபு

இதுவரை சொன்னதெல்லாம் நடை விவகாரம். தவறினால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் ஓர் இடத்தில் இந்தப் பெயரடை ஒரு மனிதரின் வாழ்க்கைமேல் உட்கார்ந்துவிடுகிறது. ‘செரிப்ரல் பால்ஸி’ என்ற பெயரைத் தமிழில் மூளை முடக்குவாதம் என்கிறோம். பெருமூளை வாதம் என்றும் எழுதுகிறார்கள். வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில், குழந்தை கருவில் இருக்கும்போதோ, பிறக்கும்போதோ, பிறந்த புதிதிலோ ஏற்படும் சேதம்தான் காரணம். குறைமாதப் பிறப்பு, மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் இருப்பது, தொற்று, கவனிக்காமல் விட்ட கடுமையான மஞ்சள் காமாலை என்று அதற்குப் பின்னணிகள் பல. விளைவு தெரிவது அசைவில்தான். தசை இறுகிப்போகிறது, அல்லது நினைத்தபடி அடங்காமல் ஆடுகிறது, அல்லது சமநிலை தவறுகிறது. மூளையில் ஏற்பட்ட சேதம் நாளுக்கு நாள் பெருகுவதில்லை.

இப்போது ‘மூளை முடக்குவாதம்’ என்ற தொகையை விரித்துப் பாருங்கள். வேற்றுமைத் தொகையில் உருபு மறைந்திருக்கும், அதைப் படிக்கிறவர்தான் ஊகித்துப் போட்டுக்கொள்ள வேண்டும். மூளைச்சாவு என்றால் மூளையினது சாவு. மூளைக்காய்ச்சல் என்றால் மூளையில் வந்த காய்ச்சல். மூளைச்சலவை என்றால் மூளையைச் சலவை செய்வது. (சீன மொழியில் ‘மூளை கழுவுதல்’ என்று இருந்ததை 1950-ல் எட்வர்ட் ஹண்டர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். நாம் அதைச் சலவைக்குப் போட்டோம்.) மூன்று சொல்லிலும் மூன்று உருபு, வெளியே எதுவும் தெரியாது. மூளை முடக்குவாதத்தில் மறைந்திருக்க வேண்டியது ‘ஆல்’: மூளையால், அதாவது மூளையில் நேர்ந்த சேதத்தால், உடலுக்கு வந்த முடக்கம். ஆனால் கேட்கிறவர் மூளைச்சாவைப் போலவே இதையும் விரித்துவிடுகிறார். மூளையினது முடக்கம். மூளை முடங்கிவிட்டது. அங்கிருந்து ‘மூளை வளர்ச்சி இல்லாத பிள்ளை’க்கு ஓர் எட்டுத்தான்.

ஓர் உருபைத் தவறாக ஊகித்ததால் வரும் வினை இது. மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் அறிவுசார் குறைபாடும் சேர்ந்து இருப்பவர்கள் உண்டு, அது இல்லாதவர்களும் ஏராளம். பேச்சு குழறுவது பலருக்கு உதடும் நாக்கும் தொண்டையும் சொன்னபடி கேட்காததால். கேள்வி புரிகிறது, பதிலும் தயாராக இருக்கிறது, அதை வெளியே கொண்டுவரும் தசைதான் மக்கர் செய்கிறது. எதிரே நிற்பவரோ அவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கும் அம்மாவிடம் ‘தம்பி என்ன படிக்குது?’ என்று கேட்கிறார். போதாக்குறைக்கு முடக்குவாதம் என்ற சொல் மூட்டுகளை வீங்கவைக்கும் இன்னொரு நோய்க்கும் புழக்கத்தில் இருப்பதால், தலைப்பை மட்டும் படிக்கிறவருக்குக் குழப்பம் இரட்டிப்பாகிறது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. இந்தியாவின் 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் இயக்கக் குறைபாட்டை வரையறுக்கும் இடத்திலேயே மூளை முடக்குவாதத்தின் எல்லா வடிவங்களையும் சேர்த்துக்கொண்டது. 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்த 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் அதை உடல் குறைபாடுகளின் கீழ், தொழுநோயிலிருந்து குணமானவர்கள், தசைச்சிதைவு உள்ளவர்கள், அமில வீச்சால் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோரோடு இயக்கக் குறைபாடு என்ற தலைப்பில்தான் வைத்திருக்கிறது. அறிவுசார் குறைபாடு தனித் தலைப்பு. மனநோய் அதற்கும் அடுத்த தனித் தலைப்பு. சட்டம் மூன்று அறையில் வைத்ததை நம் பேச்சு ‘மூளை சரியில்லை’ என்ற ஒரே அறையில் அடைத்துவிடுகிறது.

அறிவுசார் குறைபாடு என்ற சொல்லே இந்தக் கோணத்தில் பார்த்தால் கவனமாகச் செய்யப்பட்டது. அமெரிக்காவில் 2010-ல் ரோசா சட்டம் என்று ஒன்று வந்து, கூட்டாட்சிச் சட்டங்களில் இருந்த ‘மென்டல் ரிடார்டேஷன்’ என்ற தொடரை நீக்கி ‘இன்டலெக்சுவல் டிசெபிலிட்டி’ என்பதை வைத்தது. இந்தியச் சட்டத்தில் அந்த மாற்றம் 2016-ல் வந்தது. தமிழில் மனவளர்ச்சி குன்றியோர் என்பது போய் அறிவுசார் குறைபாடுடையோர் வந்தது. இங்கே ‘சார்’ மிகச் சரியான தேர்வு, ஏனென்றால் அது குறைபாடு எந்தத் துறையில் என்று மட்டும் சொல்கிறது, எவ்வளவு என்று தீர்ப்புச் சொல்லவில்லை. நுண்ணறிவு ஈவு ஏறக்குறைய 70-க்குக் கீழே இருந்தால் மட்டும் இந்த முடிவுக்கு வந்துவிட முடியாது. குளிப்பது, காசு எண்ணுவது, பேருந்து ஏறுவது போன்ற அன்றாடத் திறன்களில் எவ்வளவு துணை தேவைப்படுகிறது என்று பார்க்க வேண்டும். வளர்ச்சிப் பருவத்திலேயே தொடங்கியதா என்றும் பார்க்க வேண்டும். இதையெல்லாம் ‘அறிவற்ற’, ‘அறிவு குறைந்த’ என்ற அடைகள் ஒரே வீச்சில் அழித்துவிடும். ‘அறிவு குறைந்தவர்’ ஆளைச் சொல்கிறது. ‘அறிவுசார் குறைபாடு உள்ளவர்’ ஆளிடம் இருக்கும் ஒன்றைச் சொல்கிறது.

மூளை முடக்குவாதத்துக்கு வேறு பெயர் வைக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. மருத்துவச் சீட்டிலும் அடையாள அட்டையிலும் ஏறிய பெயரை மாற்றினால் அலைக்கழிவதும் அந்தக் குடும்பம்தான். எழுதுகிறவர் செய்யக்கூடியது சின்ன வேலை. முதல் முறை அந்தச் சொல் வரும்போதே மறைந்த உருபை வெளியே எடுத்து வைத்துவிடுவது: ‘மூளையில் ஏற்பட்ட சேதத்தால் உடல் அசைவு பாதிக்கப்படும் மூளை முடக்குவாதம்’. ஏழெட்டுச் சொல் கூடும், அவ்வளவுதான். மூளைச்சாவு பற்றி எழுதும்போதும் இதே உதவி தேவைப்படுகிறது. 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் பேசுவது மூளைத்தண்டின் சாவை. மூச்சை நடத்தும், இதயத் துடிப்பை ஒழுங்குபடுத்தும் பகுதி அது, அதன் செயல்பாடு நிரந்தரமாக நின்றுவிட்டால் மரணம்தான். மருத்துவமனை வராந்தாவில் நிற்கும் உறவினர் காதிலோ ‘மூளை மட்டும்தான் செத்திருக்கு’ என்று விழுகிறது. கருவி மூச்சை ஓட்டிக்கொண்டிருக்கும்போது அந்த ‘மட்டும்’ எவ்வளவு நம்பிக்கை தரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ழகரம் மூளையில் பிறந்ததா

ஆங்கிலத்திலேயே இந்தப் பெயரடை ஒரு முறை தடம் புரண்டு நம் வீட்டு முற்றத்தில் விழுந்திருக்கிறது. சமஸ்கிருத இலக்கணத்தில் ட, ண போன்ற ஒலிகளுக்கு ‘மூர்த்தன்யம்’ என்று பெயர். மூர்த்தன் என்றால் தலை, உச்சி. நாக்கின் நுனி மடிந்து அண்ணத்தின் கூரையைத் தொடுவதால் வந்த பெயர். ஐரோப்பிய இலக்கணக்காரர்கள் தலையை மூளையாக்கி ‘செரிப்ரல்’ ஒலிகள் என்று மொழிபெயர்த்தார்கள். 1856-ல் வந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்திலும் இந்தப் பெயர் உண்டு. சமஸ்கிருதத்துக்கு இந்த ஒலிகள் திராவிட மொழிகளிலிருந்து போயிருக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். 1879-ல் சமஸ்கிருத இலக்கணம் எழுதிய அமெரிக்க மொழியியலாளர் விட்னி, மூர்த்தன்யம் என்றால் தலை ஒலி என்றுதான் பொருள் என்று சுட்டிக்காட்டி, அந்தப் பெயரை விட்டுவிட்டு நாவை வைத்தே அவற்றை அழைத்தார். தொல்காப்பியம் ‘டகார ணகாரம் நுனிநா அண்ணம்’ என்று நாவையும் அண்ணத்தையும் மட்டும் சொல்லி முடித்துவிட்ட விஷயம் இது. ழகரத்துக்கும் நுனிநா அண்ணத்தை வருடுவதுதான் கணக்கு. பழைய ஆங்கில இலக்கண நூல்களைத் தமிழாக்குகிறவர்கள் ‘செரிப்ரல்’ என்று பார்த்தவுடன் பெருமூளைக்குப் போகாமல் நாவளை ஒலி என்று எழுத வேண்டும். தமிழின் அடையாளமான ஓர் எழுத்துக்கு ‘மூளை எழுத்து’ என்று பட்டம் கிடைத்ததில் பெருமைப்படலாம்தான், ஆனால் பட்டம் தவறான முகவரிக்கு வந்தது.

மூன்றாவது பொருள்

மிச்சம் இருப்பது, உதட்டைச் சுழித்துக்கொண்டு சொல்லும் அந்தச் செரிப்ரல். அறிவு இருக்கிறது, அதுவே கூடிப்போய் ஈரம் இல்லை என்ற குறை. இதற்கு அறிவார்ந்த ஒத்துவராது, அது வாழ்த்திவிடும். அறிவுப்பூர்வமான ஓரளவு நடுநிலை, ‘அறிவுப்பூர்வமானதே தவிர உணர்வுப்பூர்வமானதல்ல’ என்று இணை சேர்த்தால்தான் குறை தெரியும். சிற்றிதழ் வட்டாரத்தில் அறிவுஜீவித்தனமான என்று ஒன்று உண்டு. ‘தனம்’ அங்கே கஞ்சத்தனம், பிள்ளைத்தனம் பக்கம் சாய்ந்து நல்ல குத்தலைத் தரும். ஆனால் சில இடங்களில் குத்தல் தேவைக்கு அதிகமாகிவிடும்.

ஒரு பெயரடைக்கு ஒரு பெயரடை என்ற கணக்கை விட்டுவிட்டால் வழி திறக்கிறது. தமிழில் சிந்தனைக்கான வீடு மூளை மட்டும் இல்லை. மனக்கணக்கு போடுகிறோம், மனப்பாடம் செய்கிறோம்; மூளைக்கணக்கு, மூளைப்பாடம் என்று இல்லை. தொல்காப்பியம் எண்ணும் ஆறறிவில் ஆறாவதும் மனம்தான். மூளையும் மனசும் இரண்டு வீடாக இருப்பதால் ஆங்கிலப் பெயரடை பூடகமாகச் சொல்வதை நாம் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகவில்லை என்று சொல்லிவிடலாம். அதற்கு அடை வேண்டாம், வினை போதும்.

முதலில் பார்த்த அந்தத் திரைப்பட வாக்கியத்துக்கு வருவோம். விமர்சகர் பாராட்டியிருந்தால்: ‘முந்தைய படங்களைவிட இது மூளைக்கு நிறைய வேலை கொடுக்கிறது.’ நடுநிலையாக இயக்குநரின் போக்கைச் சொல்லியிருந்தால்: ‘இந்த முறை கதையைவிடக் கருத்துகளோடுதான் அவர் மல்லுக்கட்டியிருக்கிறார்.’ உதட்டைச் சுழித்திருந்தால்: ‘படம் மண்டையில் ஏறுகிறது, மனசில் இறங்கவில்லை.’ உண்மையிலேயே பெருமூளையைப் பற்றிய ஆவணப்படமாக இருந்துவிட்டால், பெருமூளை பற்றிய படம் என்றே எழுதிவிடலாம். அங்கேயும் ‘சார்ந்த’ தேவைப்படவில்லை பாருங்கள்.